ஆடிட்டர் ஆபீஸ் வேலையும் புத்தக ஓவியமும்

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். அதோடு சிறுவர் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் வரைந்து தருகிறேன். இரண்டும் சேர்ந்தே பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன. "எப்படித்தான் நேரம் கிடைக்குது?" என்று கேட்பவர்கள் நான் தூங்குவதே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நன்றாகவே தூங்குகிறேன். மாதத்தில் எந்தத் தேதிகளில் என் கை சும்மா இருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்தத் தேதிகளுக்குள் அடங்காத வேலையை எடுப்பதில்லை. என் முறை அவ்வளவுதான். ஆனால் அதை நடத்திக்காட்டப் பல சின்னச் சின்ன ஏற்பாடுகள் தேவைப்பட்டன. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே வரைய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று அவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஆபீஸ் காலண்டர். 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்த வரியைக் கட்ட வேண்டும். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிக்கான விற்பனை விவரம், ஜிஎஸ்டிஆர்-1. 15ஆம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் படிவம், ஜிஎஸ்டிஆர்-3பி. பாத்திரக்கடை, அரிசி ஆலை, திருபுவனம் பட்டுக்கடை என்று எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பில்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு 9ஆம் தேதி சாயங்காலம்தான் கொண்டுவந்து வைப்பார்கள். ஆகவே மாதத்தில் முதல் 20 நாட்கள் நான் ஆபீஸுக்குச் சொந்தம். 21ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 5ஆம் தேதி வரை மூச்சு விடலாம். வருடக் கணக்கில் பார்த்தால் ஜூலை, செப்டம்பர், அக்டோபர் மூன்றும் தலைக்கு மேல் வேலை. ஜூலையில் வருமான வரி ரிட்டன், செப்டம்பரில் வரித் தணிக்கை, அக்டோபரில் தணிக்கை முடிந்தவர்களின் ரிட்டன். நவம்பர் பிறந்தால் கொஞ்சம் தளரும். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரைதான் நல்ல காலம்.

புத்தக உலகத்தின் காலண்டர் வேறு மாதிரி. தீபாவளி மலருக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் படம் கேட்பார்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது என்பதால் பதிப்பாளர்களின் அவசரமெல்லாம் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். என் ஆபீஸ் நெருக்கடியும் மலர் நெருக்கடியும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழையும், அதோடு வரும் மின்தடையும். இந்த மூன்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு எது முடியும், எது முடியாது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. நீங்கள் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கலாம். உங்கள் காலண்டர் வேறாக இருக்கும். ஆனால் அந்தத் தாளை ஒருமுறை எழுதிவிடுங்கள். பரீட்சை மாதம், ஆண்டு விழா, கணக்கு முடிப்பு, வீட்டுக் கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் அதில் வரட்டும்.

என் மாமனார் விவசாயம் செய்கிறார். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிட்டால் குறுவைக்கு ஆடுதுறை 43 மாதிரி 110 நாள் ரகம் போடுவார். திறப்பு தள்ளிப்போனால் குறுவையை விட்டுவிட்டு, சம்பாவுக்கு 150 நாளுக்கு மேல் போகும் சி.ஆர். 1009. "எந்த நெல் ஒசத்தின்னு பாக்கக் கூடாதும்மா, நம்மகிட்ட எத்தனை நாள் இருக்குன்னு பாக்கணும்" என்பார். வேலை எடுக்கும்போது நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஒரு கதைக்கு ஒரு படம், ஓர் அட்டைப்படம், கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெண் உருவம் போன்றவை குறுகிய கால வேலைகள். மாதக் கடைசியில் உட்கார்ந்தால் முடிந்துவிடும். 24 பக்கப் படக்கதைப் புத்தகம் நீண்ட கால வேலை. அதை ஏப்ரலில் ஆரம்பிப்பேன், இல்லையென்றால் நவம்பரில். ஆகஸ்டில் யார் கேட்டாலும், எவ்வளவு பிடித்த கதையாக இருந்தாலும், "நவம்பர்ல தொடங்கி ஜனவரி கடைசியில தர முடியும், பரவாயில்லையா?" என்றுதான் பதில். பலர் சரி என்கிறார்கள். எல்லாருக்கும் அது நாளைக்கே வேண்டிய வேலையாக இருப்பதில்லை.

இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு நமக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். குத்துமதிப்பாகச் சொல்வது ஆபத்து. பென்சில் எடுக்கும்போதும் வைக்கும்போதும் மணி பார்த்து நோட்டில் குறித்து வைக்கிறேன். முழுப்பக்க வண்ணப்படம் ஒன்றுக்கு, முதல் கிறுக்கலில் இருந்து ஃபைல் அனுப்பும் வரை, எனக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகிறது. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 15 மணி நேரம். அதாவது வாரத்துக்கு ஒன்றரைப் படம். 12 படம் உள்ள புத்தகத்துக்கு எட்டு வாரம். காய்ச்சல், விருந்தாளி, திருத்தம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டுப் பன்னிரண்டு வாரம் கேட்பேன். முன்னதாக முடிந்தால் முன்னதாகக் கொடுத்துவிடுவேன். பதிப்பாளர்கள் வேகத்தை விடச் சொன்ன தேதியை மதிக்கிறார்கள். தேதி தவறாதவரிடம்தான் அடுத்த புத்தகமும் வருகிறது.

அடுத்தது, எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்பது. படம் வரைவது ஒரே வேலை இல்லை. கதையைப் படித்து, எந்தக் காட்சியை வரையலாம், யார் எங்கே நிற்க வேண்டும், கண் எங்கே முதலில் போக வேண்டும் என்று யோசித்து விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னதாகப் போட்டுப் பார்ப்பது முதல் கட்டம். அப்புறம் பென்சில் ரஃப், கோடு, தட்டையான வண்ணம், நிழல் வெளிச்சம், கடைசிச் சரிபார்ப்பு. முதல் கட்டத்துக்குத்தான் தெளிந்த மூளை வேண்டும். அதை விடிகாலையில், வீடு எழுவதற்கு முன் செய்கிறேன். தட்டையான வண்ணம் நிரப்புவதற்கு அவ்வளவு யோசனை தேவையில்லை. ஆபீஸிலிருந்து களைத்து வந்த இரவிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். 11ஆம் தேதி, 20ஆம் தேதி வாரங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். களைத்த இரவில் யோசிக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். எழுதுவது, இசையமைப்பது என்று வேறு எந்த வேலை வைத்திருப்பவருக்கும் நான் உறுதியாகச் சொல்வது இது: உங்கள் வேலையை மூளை வேண்டிய பகுதி, கை மட்டும் போதுமான பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிடைக்கிற நேரம் அதேதான், ஆனால் அதிலிருந்து வெளிவரும் வேலை நிச்சயம் கூடும்.

மூன்றாவதாக ஒரு நேரம் இருக்கிறது. வீடு பாபநாசம், தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம். பாசஞ்சர் ரயிலில் சுந்தரப்பெருமாள்கோவில், சுவாமிமலை, தாராசுரம் தாண்டினால் கும்பகோணம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம். அதில் நான் வேலைக்கான படம் வரைவதில்லை. கைக்கு அடங்கும் சின்ன நோட்டில், எதிரில் இருப்பதை மட்டும் போட்டுக்கொள்கிறேன். பூக்கூடையைக் காலிடுக்கில் வைத்துத் தூங்கும் அம்மா, நாகஸ்வர உறையைத் தோளில் மாட்டியபடி நிற்கும் பையன், ஜன்னலுக்கு வெளியே வரப்பில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. அதே பாதை என்பதால் அதே வயல்களை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். நாற்று விட்டது, நட்டது, பச்சை கட்டியது, கதிர் சாய்ந்தது, அறுவடை இயந்திரம் இறங்கியது, பிறகு உளுந்து முளைத்தது. இந்த நோட்டுகள் எனக்குப் பெரிய சொத்து. கிராமத்துக் கதை எது வந்தாலும் இணையத்தில் படம் தேட வேண்டியதில்லை.

ஒரு பதிப்பகத்துக்கு நடவுக் காட்சி ஒன்று வரைந்து ரஃப் அனுப்பினேன். ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்தார். "மேடம், படம் நல்லா இருக்கு. ஆனா எல்லாரும் பின்னால போற மாதிரி இருக்கே. முன்னால நடந்து வர்ற மாதிரி மாத்துங்களேன், உற்சாகமா இருக்கும்."

"சார், நடவு நடுறவங்க பின்னாடிதான் நகருவாங்க. முன்னால வந்தா நட்ட நாத்தை மிதிக்கணுமே" என்றேன். அன்றைக்கே வயலில் எடுத்த வீடியோவையும் அனுப்பினேன். குனிந்த உடம்பு, இடது கையில் பிரித்த நாற்று முடி, அதாவது நாற்றுக்கட்டு, அந்தக் கையின் முழங்கை கால் முட்டியில் ஊன்றியிருக்கும். வலது கை இரண்டு மூன்று நாற்றைக் கிள்ளி எடுத்துக் கட்டை விரலோடு சேற்றில் இறக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. முன்னால் நட்ட வரிசைகள். பின்னால் சேற்றில் அங்கங்கே வீசிப்போட்ட முடிகள். நடுபவர்கள் அந்த முடிகளை நோக்கித்தான் நகர்ந்து வருகிறார்கள். அவர் பார்த்துவிட்டு ரஃப்பை அப்படியே ஒப்புக்கொண்டதோடு, அந்தப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கதையில் சேர்த்தார். ஊரில் இருந்துகொண்டு வேலை செய்வதில் உள்ள லாபம் இது. சென்னையில் இருந்தால் இன்னும் வாய்ப்பு வருமே என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். வாய்ப்பு மெயிலில் வந்துவிடும். வயல் மெயிலில் வராது.

இந்தப் பச்சையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்றங்கால் பச்சை தெரியுமல்லவா, வெயிலில் உள்ளிருந்து ஒளி வருவது போன்ற அந்த மஞ்சள் கலந்த இளம்பச்சை. டேப்லெட் திரையில் அதை அப்படியே கொண்டுவரலாம், ஏனென்றால் திரை ஒளியால் ஆனது. அச்சுக்குப் போனால் நான்கு மைதான்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் மின்னும் பச்சைகள் பலவற்றை இந்த நான்கு மையால் கொண்டுவரவே முடியாது. தாளில் மங்கி, பாசி நிறத்தில் வந்து நிற்கும். அதனால் ஆரம்பத்திலேயே ஃபைலை இந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே முறையில் வைத்துத்தான் வண்ணம் தொடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலேயே அந்த வசதி இருக்கிறது. நாற்றுக்கு மஞ்சள் முழுசாக, சயான் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, மெஜந்தாவும் கறுப்பும் சுத்தமாகக் கிடையாது. மெஜந்தா கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் அந்தப் பச்சை செத்துவிடும். அப்படியும் தனியாகப் பார்த்தால் சுமாராகத்தான் தெரியும். அதைச் சுற்றி நட்டு முதிர்ந்த வயலின் கரும்பச்சையும் சேற்றின் பழுப்பும் வைத்தால் நாற்றங்கால் தானாக எழுந்து நிற்கும். தாளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தைத் தணிக்கும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நிறம் மேலே நிற்கும். முதல் படம் முடிந்ததும் கும்பகோணத்திலேயே ஒரு பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுகிறேன். பகல் வேலை இருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். 12 படத்துக்கும் நிறம் மாற்ற உட்காரும் நேரம் நம்மிடம் இல்லை.

இதே காரணத்துக்காகத்தான் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் சில கேள்விகளைக் கேட்டு மெயிலில் பதில் வாங்கிவிடுகிறேன். புத்தக அளவு என்ன? எத்தனை படம்? எந்தப் பக்கத்தில் எழுத்து வரும்? படத்தை ஒப்புக்கொள்ளப்போவது ஒருவரா, நான்கு பேரா? எத்தனை முறை திருத்தம்? பணம் எப்போது? போனில் பேசினாலும் பேசி முடித்ததும், "நாம் பேசியது இது" என்று நானே ஒரு மெயில் போட்டுவிடுவேன். ஃபைல் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல், இரண்டு பக்கம் விரியும் படமென்றால் நடு மடிப்பில் யாருடைய முகமும் விழாமல் பார்ப்பது என்பதெல்லாம் என் பக்கத்துப் பொறுப்பு.

திருத்தத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். பென்சில் ரஃப் கட்டத்தில் இரண்டு முறை எதை வேண்டுமானாலும் மாற்றலாம். தாத்தாவைப் பாட்டியாக்கலாம், பகலை இரவாக்கலாம். ரஃப் ஒப்புதல் ஆகி வண்ணம் தொட்ட பிறகு நிறத்தைக் கூட்டுவது குறைப்பது மட்டும்தான். ஆளை மாற்று, கோணத்தை மாற்று என்றால் அது புதுப் படம், அதற்குத் தனிக் காசு. இதை முதலிலேயே சொல்லிவிடும்போது யாருக்கும் வருத்தம் வருவதில்லை. நடுவில் சொன்னால் சண்டை.

பணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குகிறேன்: தொடங்கும்போது ஒரு பங்கு, ரஃப் ஒப்புதலானதும் ஒரு பங்கு, அச்சுக்கான ஃபைல் அனுப்பும்போது ஒரு பங்கு. ஓரிடத்தில் படங்கள் எல்லாம் அச்சாகிப் புத்தகமும் விற்பனைக்கு வந்த பிறகும் பாக்கிப் பணத்துக்காக மாதக்கணக்கில் போன் செய்ய வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் போட்டுடுறோம் மேடம்". அந்த அலைச்சல் எனக்கு வலித்தது, ஏனென்றால் நான் கேட்டது உதவி இல்லை, கூலி. பெரிய ஃபைலை மூன்றாவது பங்கு வந்த பிறகு அனுப்புவது என்ற ஏற்பாட்டுக்கு இப்போது நல்ல பதிப்பகங்கள் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. பார்வைக்குச் சின்ன அளவில் அனுப்பிவிடுவேன்.

பதிப்புரிமை பற்றி ஓவியர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகப் படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டதன் பேரில் பணம் பெற்றுக்கொண்டு வரைந்த ஓவியம் என்றால், மாறான ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே எதுவும் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். "படங்களின் உரிமை ஓவியருக்கே, பதிப்பகத்துக்கு இந்தப் புத்தகத்தில் இந்த மொழியில் வெளியிடும் அனுமதி மட்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் எத்தனை வருடம், எந்த நாடு என்று குறிப்பிட வேண்டும். 19ஆம் பிரிவின்படி காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்று கணக்கு. ஓவியர் பெயர் அட்டையிலோ உள்பக்கத்திலோ வர வேண்டும் என்பதையும் கேளுங்கள். படக்கதைப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்வது படம். அதைச் சொன்னவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

ஆபீஸில் இதை மறைக்கவில்லை. முதல் புத்தகம் கையெழுத்தாகும் முன்பே ஆடிட்டரிடம் போய்ச் சொன்னேன். "சார், ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் புத்தகங்களுக்குப் படம் வரையலாம்னு இருக்கேன். உங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யணும்னு தோணுச்சு."

"ஆபீஸ் நேரத்துல வேண்டாம்மா. நம்ம கிளையண்ட்கிட்ட ஆபீஸ் பேரைச் சொல்லி வேலை வாங்காதே. மத்தபடி தாராளமா செய்" என்றார். அந்த இரண்டையும் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் ஃபைல் ஒன்றுகூடக் கிடையாது. பதிப்பகங்களுக்கு, "பகலில் மெயில் போடுங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் பதில் தருகிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். தனியார் வேலையில் இருப்பவர்கள் நியமனக் கடிதத்தில் வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. பணம் வாங்கும் முன் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் கேட்பதுதான் இதைவிடக் கஷ்டம். "ஏம்மா, ஞாயித்துக்கிழமை கூடவா அந்தப் பலகையோட உக்காரணும்?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. "அத்தை, காலையில மூணு மணி நேரம், மத்தியானம் எல்லாரும் படுக்குற நேரத்துல மூணு மணி நேரம். நடுவுல சமையல்கட்டுல உங்களோடதான் இருப்பேன்" என்றேன். நேரத்தைத் தெளிவாகச் சொன்னதும் அவருக்கும் நிம்மதி. கணவர் பையனைக் குளிப்பாட்டி ஆற்றங்கரைப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விடுவார். பெண்கள் கூடுதலாக ஒரு வேலை எடுக்கும்போது வீட்டு வேலை அப்படியே இருக்க, தூக்கத்தில் இருந்துதான் நேரத்தை எடுக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அப்படி எடுத்தால் ஆறு மாதம் தாங்காது. வீட்டு வேலையில் ஒரு பகுதி வேறு கைக்கு மாறியாக வேண்டும். முதல் புத்தகத்துப் பணத்தில் வாங்கியது கிரைண்டர். வெட் கிரைண்டர் ஏற்கெனவே இருந்தது, ஆனால் பழசு, அரைக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஓவிய உபகரணத்துக்கு முன்னால் அதைத்தான் மாற்றினேன்.

மின்தடைக்கும் ஏற்பாடு வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் சார்ஜ் போட்டுவிடலாம். மழைக்காலம்தான் நம்ப முடியாதது. அதனால் நவம்பர், டிசம்பரில் ரஃப், கோடு எல்லாம் தாளில் பென்சிலால் செய்கிறேன். ஒவ்வொரு நாளும் எழும்போது ஃபைலை ஒரு பென்டிரைவிலும் இணையச் சேமிப்பிலும் போட்டுவிடுவேன். மணிக்கட்டு வலி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. அதில் வீரம் காட்டக் கூடாது.

வரிக் கணக்கு என் தொழில் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓவியத்துக்கு வரும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஒரே பதிப்பகம் வருடத்தில் தரும் தொழில் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் உங்கள் பெயரில் வந்திருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இனி உங்களுக்குச் செல்லாது, தொழில் வருமானம் காட்டும் படிவம் போட வேண்டும். டேப்லெட், தாள், வண்ணம், கூரியர் செலவு ரசீதுகளை எடுத்து வைத்தால் வருமானத்தில் கழிக்கலாம். டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட வேண்டும். சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். அதுவரை அந்தக் கவலை வேண்டாம்.

எடுக்க முடியாத வேலையை என்ன செய்வது? வெறுமனே முடியாது என்று சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் இந்தப் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தஞ்சாவூரில் 1924இல் பிறந்த பத்திரிகை ஓவியர் கோபுலு இங்கேதான் ஓவியம் படித்துவிட்டுப் பத்திரிகை உலகத்துக்குப் போனார். இன்றைக்கும் அப்படிக் கை உள்ளவர்கள் பேனர் கடையிலும் பிளெக்ஸ் டிசைனிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். செப்டம்பரில் எனக்கு வரும் மலர் வேலைகளில் சிலவற்றை அவர்களுடைய மாதிரிப் படங்களோடு சேர்த்துப் பதிப்பாளருக்கு அனுப்புகிறேன். நடுவில் கமிஷன் எடுப்பதில்லை. என்ன விலை சொல்ல வேண்டும், உரிமை பற்றிய வாசகத்தை எப்படி எழுதி வாங்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். விலையைக் குறைத்து வேலை வாங்கும் பழக்கம் ஒருவரிடம் தொடங்கினால் எல்லோருடைய கூலியும் இறங்கும். அதனால் இதை நான் உபகாரமாக நினைப்பதில்லை.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரையலாமே என்று கேட்பவர்களும் உண்டு. இப்போதைக்கு அந்த எண்ணம் இல்லை. மாதச் சம்பளம் வருகிறது என்பதால்தான் பிடிக்காத கதைக்கும் குறைந்த கூலிக்கும் என்னால் தலையாட்டாமல் இருக்க முடிகிறது. ஒரு வருடச் செலவுக்கான பணம் அந்தத் தனிக் கணக்கில் சேர்ந்து, குறைந்தது மூன்று பதிப்பகங்கள் தொடர்ந்து வேலை தந்து, வீட்டில் எல்லோரும் சரி என்று சொன்னால் அப்போது யோசிப்பேன். பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அதற்கு அவசரமும் இல்லை.

வரும் ஏப்ரலில் தொடங்க ஒரு 24 பக்கப் புத்தகம் பேசியிருக்கிறோம். குளத்தில் தாமரை பறிக்கும் ஒரு சிறுமியின் கதை. கூலி ஒத்துவந்துவிட்டது, தேதியும் ஒத்துவந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு வந்தால் ஓவியருக்கு என்ன தொகை என்ற வரியை மட்டும் அவர்கள் இன்னும் எழுதித் தரவில்லை. இரண்டு முறை நினைவூட்டி மெயில் போட்டிருக்கிறேன். அது வந்த பிறகு கையெழுத்துப் போடுவேன்.